மூன்று இருபதுக்கு அடித்த மணி

(வேலூர் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் பிரிவு உபசார விழாவில் தமிழாசிரியை ஒருவர் பேசியது.)

தலைமையாசிரியர் அவர்களுக்கும், உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோருக்கும், என் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் எனக்கு நேரே 'வாழ்த்துரை' என்று போட்டிருக்கிறீர்கள். நானும் நான்கு பக்கம் எழுதி எடுத்து வந்தேன். ஆனால் இப்போது இந்த மேடையில் நீங்கள் நாற்பது நிமிடம் நடத்திய நாடகத்தைப் பார்த்த பிறகு, அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். உங்கள் நாடகத்தைப் பற்றியே பேசப் போகிறேன்.

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. கணக்கு சார் தொண்டையைக் கனைத்தால் கடைசி பெஞ்சு வரை அடங்கிவிடும் என்று காட்டிய பிள்ளை, அந்தக் கனைப்பை அச்சு அசலாகப் பிடித்திருந்தாள். சத்துணவுக் கூடத்து அக்கா கரண்டியால் அண்டாவில் ஒரு தட்டு தட்டி "அடுத்தாளு வா" என்பதை நீங்கள் செய்து காட்டியபோது, அந்த அக்காவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நாற்பது நிமிடத்தில் மதிப்பெண் என்ற பேச்சே வரவில்லை. நாங்கள் ஏழு வருஷமாக உங்களிடம் அதிகம் பேசியது அதைத்தான். 600-க்கு எத்தனை, சென்டம் வருமா, கட் ஆஃப் எவ்வளவு. நீங்கள் திரும்பிப் பார்த்தபோது உங்கள் கண்ணில் பட்டது முழுக்க வேறு. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

குறள் ஒப்பிக்காதவர்களை நான் எழுப்பி நிற்க வைத்ததைக் காட்டினீர்கள். அது நடந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக.' ஒப்பிக்கச் சொன்னேன். ஜன்னலோர பெஞ்சில் நான்கு பேர், நான் சொல்வதற்கு முன்னாலேயே எழுந்து நின்றுவிட்டீர்கள். ஏன் என்று கேட்டால், "கற்க வரல மிஸ், அதான் நேரா நிற்கவுக்குப் பூட்டோம்" என்றான் ஒருவன். அதற்குப் பிறகு அந்தக் குறளை நான் எந்த வகுப்பில் நடத்தினாலும் அந்த நான்கு பேரும் என் கண்முன் நிற்கிறார்கள். வள்ளுவர் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

நீங்கள் ஆறாம் வகுப்புக்கு வந்தது 2019 ஜூன். தமிழ்நாட்டில் 32 மாவட்டம் என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தீர்கள். அந்த நவம்பர் 28-ஆம் தேதி நம்முடைய வேலூர் மாவட்டமே மூன்றாகப் பிரிந்தது. ராணிப்பேட்டை ஒன்று, திருப்பத்தூர் ஒன்று, மீதி நாம். அதே மாதத்தில் வேறு பக்கங்களிலும் மூன்று புது மாவட்டம் வந்ததால், மொத்தக் கணக்கு 37 ஆனது. மறு வருஷம் டிசம்பரில் மயிலாடுதுறையும் சேர்ந்து 38. "எத்தனைன்னு எழுதறது மிஸ், பரிட்சைக்குள்ள இன்னொன்னு பிரிச்சுட்டா இன்னா பண்றது" என்று கவலைப்பட்டவள் இதோ முதல் வரிசையில் இருக்கிறாள். இன்னொருவன் எனக்குக் கொடுத்த விடுப்பு விண்ணப்பத்தை நீங்கள் நாடகத்தில் வாசித்தீர்கள். அந்த அசல் தாள் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. 'என் பாட்டி ஆம்பூரில் இருக்கிறார். ஆம்பூர் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டபடியால் எனக்கு இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' பாட்டி இருந்த இடத்திலேயேதான் இருந்தார், ஊர்தான் போய்விட்டது! எங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் பழக்கம். 1989-இல் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை பிரிந்ததைப் பார்த்தவர். இன்றைக்கும் யாராவது ஊர் கேட்டால் வட ஆற்காடு என்றுதான் சொல்வார்.

தை மாதத்து வயிற்றுவலியையும் விடாமல் காட்டினீர்கள். வேறு ஊரிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். நம் பக்கத்தில் பொங்கல் முடிந்து மாடு விடும் விழா நடக்கும். தெருவில் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி ஒவ்வொரு காளையாக அவிழ்த்துவிடுவார்கள். குறைந்த நொடியில் ஓடி முடிக்கும் காளைக்குப் பரிசு. அன்றைக்கு ஒன்பதாம் வகுப்பில் பதினோரு பேருக்கு வயிற்றுவலி. சாயங்காலம் யாரோ போனில் அனுப்பிய வீடியோவில் காளை ஓடுகிறது, தடுப்புக்குப் பின்னால் பதினோரு பேரும் விசில் அடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மறுநாள் அதை வகுப்பில் போட்டுக் காட்டினேன். "மிஸ், எங்க மாமா மாடு செகண்டு பிரைஸ் மிஸ்" என்று ஒரு குரல் வந்தது. அதற்கு மேல் யாரைத் திட்டுவது?

அரசு கொடுத்த சைக்கிள் கதையும் நன்றாக இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி சைக்கிள். ஒருத்தி ஹேண்டில்பாரில் சிவப்பு ரிப்பன் கட்ட, மறுநாள் எட்டு சைக்கிளில் சிவப்பு ரிப்பன். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வைப் பற்றி நீங்கள் ஒன்றுமே காட்டவில்லை. 2018-இல் தொடங்கிய அந்தத் தேர்வு உங்களோடு நின்றுபோனது. கடைசியாக எழுதிய செட்டு நீங்கள்தான். உங்களுக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகள் அதை நம்பக்கூட மாட்டார்கள். அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இனி, நீங்கள் வேகமாகத் தாண்டிப்போன ஒரு காட்சிக்கு வருகிறேன். நான் அதில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடினோம். 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஆறாம் வகுப்பில் போனவர்கள் எட்டாம் வகுப்பில் வந்தீர்கள். நடுவில் கல்வித் தொலைக்காட்சி, வாட்ஸ்அப். "போனு அப்பாகிட்ட கீது மிஸ், வேலைக்கு எடுத்துகினு பூட்டாரு, நைட்டு எட்டு மணிக்குத்தான் வருவாரு" என்று எத்தனை பேர் சொன்னீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு வாய்ஸ் மெசேஜில் செய்யுள் வரும். பின்னால் குக்கர் விசில், தம்பி அழுகை, அம்மா "மெதுவா சொல்லேன்டா, மாடு மெரளுது" என்பது. அதை எல்லாம் நான் முழுக்கக் கேட்டேன். ஒன்றைக்கூடப் பாதியில் நிறுத்தவில்லை.

நவம்பர் 1 காலை வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசிக்கிறேன். எல்லோர் முகத்திலும் மாஸ்க். ஒரு பெயரைக் கூப்பிட்டேன். "உள்ளேன் அம்மா" என்று ஒரு ஆம்பிளைக் குரல்! யாரோ பெற்றோர் வாசலில் வந்து நிற்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. மூன்றாவது பெஞ்சிலிருந்துதான் வந்தது. கீச்சுக் குரலில் மழைப்பாட்டுப் பாடிய பையன். சட்டைக் கை முழங்கைக்கு மேலே ஏறி நிற்கிறது, கால்சட்டைக்கும் முட்டிக்கும் ஒரு சாண் இடைவெளி. வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். இன்றைக்கு நீங்கள் அதை நடித்தபோதும் கூடம் அதிர்ந்தது.

ஆனால் அந்தக் காலையில் இன்னொன்றும் நடந்தது. ஐந்து பெயருக்குப் பதில் வரவில்லை. மூன்று வாரம் கழித்துப் பாலாற்றில் வெள்ளம் வந்தது. மணலையே பார்த்து வளர்ந்த நீங்கள் கரையில் நின்று இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போவதைப் பார்த்தீர்கள். மழை லீவு விட்டார்கள். லீவு முடிந்து திறந்தபோதும் அந்த ஐந்து பெயருக்குப் பதில் இல்லை. வீடு வீடாகப் போனோம். இரண்டு பேர் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போயிருந்தார்கள். ஒரு பெண் பிள்ளை வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவளைக் கையோடு அழைத்து வந்துவிட்டோம், இதோ இன்று உங்களோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒருவன் தோல் கம்பெனி வேலைக்கு. இன்னொருவன் பந்தல் சேர் வாடகைக்கு விடும் கடையில். அவன் வீட்டுக்கு நான் இரண்டு தடவை போனேன். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, இவன்தான் மூத்தவன். என்னால் அவனைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் நாடகத்தில் எல்லோரும் அதிகமாகச் சிரித்த காட்சி எது? மணிக் காட்சி. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், பானிபூரி தின்னும் ஆசையில், யாருக்கும் தெரியாமல் கடைசி மணியை முன்கூட்டியே அடித்துவிட்டு ஓடுகிறான். பள்ளிக்கூடமே காலியாகிறது. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்த நாள். அதுவரை சரி. ஆனால் நீங்கள் காட்டிய காரணம் சரியில்லை. நடந்தது எனக்குத் தெரியும், சொல்கிறேன்.

அன்றைக்கு மணி அடிக்கும் பெரியவருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். முள் தெரியவில்லை. அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்க வந்த பையனிடம், "ஆபீஸ்ல கடிகாரத்தைப் பாத்துட்டு வாடா கண்ணு, நாலேகால் ஆச்சுன்னா நீயே அடிச்சுடு" என்றார். பையன் போய்ப் பார்த்தான். சின்ன முள் மூன்றைத் தாண்டி நிற்கிறது, பெரிய முள் நான்கில். மூன்று இருபது. பிள்ளை முள்ளை மாற்றிப் படித்துவிட்டான். சின்னது நான்கு, பெரியது மூன்று, அப்படியானால் நாலேகால். வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் கணகணவென்று நீளமாக ஒரு மணி. அவன் மனசில் அன்றைக்கு அது பெரிய பொறுப்பு. பெரியவர் சொன்ன வேலையை முடித்த பெருமையோடு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நான்கு நிமிடத்தில் பள்ளிக்கூடத்தில் காக்கை குருவி இல்லை. பஸ் வருவது நாலரைக்குத்தான். நீங்கள் எல்லோரும் ஒரு மணி நேரத்துக்கு மேலே பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நின்றுகொண்டு, ஏன் இன்னும் பஸ் வரவில்லை என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்!

மறுநாள் காலை எட்டரைக்கே அவன் ஆசிரியர் அறை வாசலில் நின்றான். "மிஸ், தாத்தாவைத் திட்டாதீங்க மிஸ். முள்ளு எனக்குத் தெரியல" என்றான். சாக்பீஸ் டப்பாவின் மூடியில் வட்டம் போட்டு, இரண்டு துடைப்பக் குச்சியை முள்ளாக வைத்து அவனுக்கு மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். பதினைந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டான். ஆறாம் வகுப்பு வரை கடிகாரம் பார்க்கத் தெரியாமல் ஒரு குழந்தை வந்திருக்கிறது, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. தவறு எங்களுடையது, அவனுடையது இல்லை.

பிள்ளைகளே, இந்த நாடகத்தை எழுதும்போது நீங்கள் அவனை மறக்கவில்லை. ஏழு வருஷத்தில் அவன் உங்களோடு இருந்தது ஒரு வருஷத்துக்கும் குறைவு. ஆனாலும் உங்கள் சிரிப்பில் அவனுக்குப் பங்கு இருக்கிறது. குறளுக்கு எழுந்து நின்ற நான்கு பேரில் தோல் கம்பெனிக்குப் போனவனும் ஒருவன். ஆம்பூர்ப் பாட்டி லெட்டர் எழுதியவன் இப்போது குடும்பத்தோடு ஓசூரில் இருக்கிறான். நீங்கள் குரூப் போட்டோ எடுத்தீர்கள், அதில் இவர்கள் இல்லை. நாடகத்தில் இருந்தார்கள். அந்தப் புத்தகத்தில், ஆட்டோகிராப் வாங்குகிறீர்களே அதில், அவர்களுக்கும் ஒரு பக்கம் விடுங்கள். தேடிப்போய் எழுதி வாங்குங்கள். ஊர் ஒன்றும் தூரத்தில் இல்லை.

ஒருவனைத் தேடவே வேண்டாம். இன்று காலை ஏழு மணிக்குச் சேர் கொண்டு வருகிறேன் என்று சொல்லி, ஆறு ஐம்பதுக்கே வண்டியோடு வாசலில் நின்றவன் அவன்தான். இந்தப் பந்தல், நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி, நான் பேசும் இந்த மைக், எல்லாம் அவன் கை பட்டது. மணிக் காட்சி நடந்தபோது ஆம்ப்ளிபயர் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவனும் அவன்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லி அவனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். யோசிக்கிறேன் என்கிறான். விட மாட்டேன். மேடை ஏறும் முன் அவனிடம் போய், உன் கதையைச் சொல்லட்டுமா, கூப்பிட்டால் வருவாயா என்று கேட்டேன். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு தலையாட்டினான்.

இப்போதெல்லாம் நம் பள்ளியில் கரண்டு பெல் வந்துவிட்டது. ஆனால் தண்டவாளத் துண்டு அந்த வேப்பமரத்திலேயேதான் தொங்குகிறது, கம்பியும் கிளை இடுக்கில் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். உங்களுடைய கடைசி மணியை இன்று அவன் அடிக்கப் போகிறான்.

தம்பி, அந்த வயரையெல்லாம் அப்புறம் சுற்றிக்கொள்ளலாம், வா. ஆபீஸ் கதவு திறந்திருக்கிறது. போய்க் கடிகாரத்தைப் பார். என் வாட்சில் நாலு பத்து ஆகிறது.