லெபனானிலிருந்து ஜார்ஜ்டவுன் வரை

அவைத் தலைவர் அவர்களே, வேண்டாம் என்றும் விடாமல் பொன்னாடை போர்த்திய டத்தோ அவர்களே, கோலாலம்பூரிலிருந்து இதற்கென்றே வந்திருக்கும் செனட்டர் அவர்களே, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி பிடித்து வந்த ஆசிரியப் பெருமக்களே, மகளிர் பிரிவுத் தலைவி அவர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் டத்தோவிடம் சொல்லுங்கள், அவர் மன்னித்துவிடுவார்.

லெபனானைப் பற்றி மூன்று செய்திகள்: மதக் கணக்கு, வங்கி, துறைமுகம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். எல்லாக் கூட்டத்திலும் இதையே சொல்கிறேன் என்று வீட்டில் கேலிதான், இருக்கட்டும். அங்கே சட்டம் ஏற்ற மதப்பிரிவுகள் 18. 1943-இல் எழுதாமல் செய்துகொண்ட உடன்பாட்டில் அதிபர் மாரோனியக் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி, சபாநாயகர் ஷியா. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1932-உடன் சரி. எடுத்தால் நாற்காலி ஆடும்.

இப்படிப் பிளந்த வீட்டுக்குள் சிரியப் படை 1976-இல் நுழைந்து 2005-இல்தான் வெளியேறியது. அதைவிட இதைக் கேளுங்கள். 2017 நவம்பர். பிரதமர் சாத் ஹரீரி சவூதிக்குப் போகிறார். மறுநாள் ரியாத்திலிருந்தே டிவியில் ராஜினாமா! நம் கோயில் பொருளாளர் விலகினால்கூடத் தலைவர் கையில் கடிதம் கொடுப்பார். லெபனான் அதிபர் மிஷெல் அவூன், நேரில் வராமல் ஏற்க மாட்டேன் என்றார்; சவூதி அவரைப் பிடித்து வைத்திருக்கிறது என்றும் குற்றம்சாட்டினார். பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அழைக்க, பாரிஸ் போய், பெய்ரூட் திரும்பி, முதலில் ராஜினாமா நிறுத்திவைப்பு, டிசம்பரில் வாபஸ். ஒரு நாட்டுப் பிரதமர் பதவியில் இருக்கிறாரா இல்லையா என்பதற்கு மூன்று தலைநகரங்கள்! கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்றேனே, இதுதான்.

எனக்கு உறைத்தது வேறொன்று. அங்கே 1963-க்குப் பிறகு 1998 வரை ஊராட்சித் தேர்தலே இல்லை. உள்நாட்டுப் போர் 1990-இல் முடிந்தும் எட்டு ஆண்டு இழுத்தார்கள். நாம் யாரைச் சிரிக்கிறோம்? 1951-இல் நம் பினாங்கின் ஜார்ஜ்டவுன் ஊராட்சித் தேர்தலில் வாக்களித்தது. முதல் மேயர் நம் டி.எஸ். ராமநாதன், ஸ்காட் சாலைக்கு இன்று அவர் பெயர். 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். மோதல் மறுவருடமே முடிந்தது. தேர்தல்தான் திரும்பவில்லை. 1976 ஊராட்சிச் சட்டத்தில் உறுப்பினர்கள் எல்லாம் நியமனம். 2012-இல் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரப் பினாங்குச் சட்டமன்றம் முயன்றது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் தள்ளிவிட்டது. தேர்தல் வந்தால் இனத்துக்கு இனம் பிளவு வரும் என்கிறார்கள். கால்வாய் அடைத்தால் என் வீட்டுக்குள்ளும் பக்கத்து அஹ் சோங் வீட்டுக்குள்ளும் ஒரே தண்ணீர்தான் வருகிறது; அதைக் கேட்க ஒரே ஆளுக்கு ஓட்டுப் போட்டால் என்ன பிளவு?

செயலாளர் மணியைக் காட்டுகிறார். வங்கியும் துறைமுகமும் அடுத்த கூட்டத்துக்கு. வாசலில் ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கேட்கும் மகஜர் இருக்கிறது, அடையாள அட்டை எண்ணோடு கையெழுத்துப் போடுங்கள். செனட்டர் அவர்கள்தான் முதலில்; பேனா என்னிடம் இருக்கிறது.