சூலையும் பசியும்

அனைவருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் நின்றுகொண்டு ஆன்மிகத்தையும் உடம்பையும் பற்றிப் பேச ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. ஒரு வயிற்று வலியிலிருந்தே தொடங்கலாம்.

இந்த ஊர்ச் சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரில் இருந்த மருள்நீக்கியாருக்கு, அதாவது பின்னாளில் நம் அப்பருக்கு, சூலை நோய் வந்தது என்கிறது பெரிய புராணம். மடத்தில் மந்திரம் ஓதிப் பார்த்தார்கள், மயிற்பீலியால் தடவிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. அக்கா நினைவு வந்தது. இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் போனார். திலகவதியார் திருநீறு கொடுத்து, விடியும் முன்னே வீரட்டானம் சிவன் கோயிலுக்கு அழைத்துப் போனார். அப்பர் பாடினார், வலி விட்டது.

பதிகம் பாடினால் நோய் போகுமா என்று கேட்பீர்கள். என் கண்ணில் படுவது வேறு. குடலை முடக்குகிறது, பொறுக்க முடியவில்லை என்று சாமியிடம் கூச்சமில்லாமல் சொல்கிறார் அந்த மனிதர். நம் வீட்டு ஆம்பளைகள் டாக்டரிடமே அதைச் சொல்வதில்லை! அப்புறம் அந்த அக்கா. பிரிந்து போன தம்பி நடுராத்திரியில் வந்து நின்றபோது, ஏன் போனாய் என்றா கேட்டார்?

வள்ளலாரும் வயிற்றைத்தான் பார்த்தார். பசித்தவனுக்குக் கண் குழிகிறது, காது அடைக்கிறது, நாக்கு வறள்கிறது, கை கால் துவள்கிறது என்று நாடி பிடித்த வைத்தியர் மாதிரி எழுதியிருக்கிறார். வடலூரில் 1867இல், பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார். ஜோதியை வணங்கும் ஞான சபை வந்தது 1872இல்தான். இந்த வரிசையை நாம் கவனிப்பதே இல்லை.

நானும் கவனிக்கவில்லை. ஒரு தைப்பூசத்தன்று, சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் ஜோதி தரிசன வரிசையில் நின்றேன். மாத்திரை பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும், உள்ளே சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும். விரதத்துக்கு முன்னால் டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றியிருக்க வேண்டும். வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. பக்கத்தில் நின்ற பெரியவர் சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் குடிக்க வைத்து, கையைப் பிடித்துத் தருமச்சாலைப் பந்தியில் உட்கார வைத்தார்.

“மொதல்ல சாப்பிடுய்யா. ஜோதிய அப்புறம் பாத்துக்கலாம்.”