கையெழுத்து உண்டு, பெயர் இல்லை
(புதுச்சேரியில் ஓவிய ஆர்வலர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம்.

இன்று ஒரே ஓர் ஓவியத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பாரீஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைந்தவர் மாரி-கியேமின் பெனுவா. 1800-ஆம் ஆண்டு பாரீஸின் அரசு ஓவியக் கண்காட்சியான சலோனில் வைத்தார். ஒரு கறுப்பினப் பெண் நாற்காலியில் அமர்ந்து நம்மை நேராகப் பார்க்கிறார். தலையில் வெள்ளைத் துணிக்கட்டு, காதில் தங்க வளையம், இடுப்பில் சிவப்பு நாடா, நாற்காலிமேல் நீலச் சால்வை. ஆடை இறங்கி ஒரு மார்பு தெரிகிறது. அந்தத் தலைத்துணியின் மடிப்புகளைப் பாருங்கள். வெள்ளையிலேயே எத்தனை வெள்ளை! கை தேர்ந்தவர், சந்தேகமே இல்லை.

படத்தில் ஓவியர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பிறந்த வீட்டுப் பெயர், புகுந்த வீட்டுப் பெயர் இரண்டையும் சேர்த்து. உட்கார்ந்தவருக்கோ ஒரு பெயர்கூட இல்லை. ‘ஒரு கறுப்புப் பெண்ணின் உருவப்படம்’, அவ்வளவுதான் அன்று வைத்த தலைப்பு.

பெனுவாவின் முதல் குரு விழே லெ பிரான் என்ற பெண் ஓவியர். அவருடைய கதை நம் ஊரைத் தொட்டுப் போகிறது. 1787-இல் திப்பு சுல்தானின் தூதர்கள் புதுச்சேரியிலிருந்துதான் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் முகம்மது தர்வேஷ் கானை அந்த அம்மையார் வரைந்தார். பிரெஞ்சு அரசர் சொல்லியனுப்பிய பிறகுதான் கான் உட்காரச் சம்மதித்தாராம். முடிந்த படத்தைக் கொடுக்க மனமில்லாமல் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்தும் வைத்தாராம்! விழே லெ பிரானே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

முடியாது என்று சொல்ல கானால் முடிந்தது. பெனுவா வரைந்த இந்தப் பெண்ணோ, கரீபியக் கடலில் பிரான்சின் ஆட்சியில் இருந்த குவாதலூப் தீவிலிருந்து ஓவியரின் கணவருடைய சகோதரர் அழைத்துவந்த பணிப்பெண். ஆடையை இறக்கு என்றால் அவர் என்ன சொல்லியிருக்க முடியும்?

பிரான்ஸ் 1794-இல் அடிமை முறையை ஒழித்திருந்தது. 1802-இல் நெப்போலியன் மீண்டும் கொண்டுவந்தார். இடையில் வந்த படம், பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறமும் இருக்கிறது, ஆகவே இது விடுதலை முழக்கம் என்பார்கள் சிலர். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஓவியரின் கணவர் அரச விசுவாசி. 1818-இல் படம் வாங்கப்பட்டதும் மன்னர் பதினெட்டாம் லூயிக்காகத்தான். கணவருக்கு அரசுப் பதவி வந்ததும் பெனுவாவே கண்காட்சிகளை விட வேண்டியதாயிற்று. சரி, அது வேறு சோகம்.

2019-இல் பாரீஸ் ஒர்சே அருங்காட்சியகம் ‘மதலேன்’ என்ற பெயரோடு படத்தைக் காட்சிக்கு வைத்தது. எனக்குப் பாதி மகிழ்ச்சிதான். மதலேன் சரி, எந்த மதலேன்? யார் மகள்?

அதே குவாதலூப்புக்கு 1854-இல் ஒரேலி கப்பலில் நம் பக்கத்து ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்கினார்கள். பின்னாளில் அங்கே இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடியவர் பெயர் ஆன்றி சிதம்பரம். ஊர்ப் பெயர் கடல் தாண்டியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். குவாதலூப்பில் உறவுக்காரர்கள் உள்ளவர்கள் இந்த அரங்கில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் தாத்தா பாட்டி பெயரை அங்கே எப்படி எழுதிவைத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.