ஓரத்தில் ஒரு கோடு

நேயர்களுக்கு வணக்கம். பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். ஒருமுறை ஓர் ஒப்பந்த வரைவு திருத்தத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. 'சில சின்ன மாற்றங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எங்கே என்று சொல்லவில்லை. இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிக்கோலை வரிவரியாக நகர்த்திப் பார்த்தேன். நள்ளிரவுக்கு மேல்தான் கண்ணில் பட்டது: 'கொடுக்க வேண்டும்' என்பது 'கொடுக்கலாம்' என்று ஆகியிருந்தது.

அன்றிலிருந்து, எங்கே மாற்றினோம் என்று ஒழுங்காகக் காட்டியவர்களை நினைத்தால் எனக்குத் தனி மரியாதை.

1948 பிப்ரவரி 21. நம் அரசியலமைப்பின் வரைவை வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கர், அரசியல் நிர்ணய சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத்துக்கு அனுப்புகிறார். 315 பிரிவுகள், 8 அட்டவணைகள். சபை ஏற்கெனவே எடுத்த முடிவுகளுக்கு வாசகம் அமைப்பதுதான் வரைவுக் குழுவின் வேலை. ஆனால் சில இடங்களில் மாற்றம் தேவை என்று குழுவுக்குப் பட்டது. சத்தமில்லாமல் மாற்றிவிடவில்லை. மாற்றிய இடங்களில் அடிக்கோடோ ஓரக்கோடோ போட்டார்கள். ஏன் மாற்றினோம் என்று அடிக்குறிப்பும் சேர்த்தார்கள்.

15-ஆம் பிரிவைப் பாருங்கள். சட்டத்தின் முறையான வழிவகை இல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது முந்தைய வாசகம். குழு 'சுதந்திரம்' என்பதை 'தனிமனித சுதந்திரம்' ஆக்கியது. 'முறையான வழிவகை' போய், 'சட்டம் வகுத்த நடைமுறை' வந்தது. பின்னது இன்னும் திட்டவட்டமானது, 1946-இன் ஜப்பானிய அரசியலமைப்பில் 31-ஆம் பிரிவிலும் இருக்கிறது என்று அடிக்குறிப்பு சொன்னது.

இரண்டு சொல் மாற்றம்தான். ஆனால் சட்டம் சொன்னபடி நடந்தால் போதுமா, அந்தச் சட்டமே நியாயமானதா என்றும் நீதிமன்றம் பார்க்கலாமா என்பது அதைப் பொறுத்தது. விசாரணை இல்லாமல் ஒருவரைச் சிறையில் வைக்கலாமா என்ற கேள்வியே அதில் அடங்கியிருந்தது. உறுப்பினர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு 1948 டிசம்பரில் கடுமையாக வாதாடினார்கள். குழுவின் வாசகமே நின்றது. அப்புறம் 1949 செப்டம்பரில் அம்பேத்கரே 15-ஏ என்று புதுப் பிரிவு ஒன்றைக் கொண்டுவந்தார். முன்பு செய்ததற்கு இது ஒரு ஈடு என்று சபையிலேயே சொன்னார். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்ற பாதுகாப்பு அப்படி வந்ததுதான். இன்றைக்கு அது 22-ஆம் பிரிவு.

இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் திருத்தங்கள் சிவப்பில் தெரியும். சரி, தெரியட்டும். 'ஏன்' என்பதை மட்டும் நாம்தான் எழுத வேண்டும்.

15-ஆம் பிரிவு 21-ஆம் பிரிவாக மாறிய பிறகு, 1950-இல் விசாரணையில்லாமல் சிறையில் வைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் அதன் பொருள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே வரைவுக் குழுவின் அறிக்கையை எடுத்து நீதிபதிகள் முன் வைத்தார்கள்.