வக்கீலுக்கு வக்கீல் இல்லை

அவைத் தலைவர் அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் மாவட்ட நீதிபதி அம்மா அவர்களே, மூன்று முறை போன் போட்டு என்னை வரவழைத்த சங்கச் செயலாளர் தம்பி, சால்வை போர்த்திய மூத்த வழக்கறிஞர் ஐயா, பின்வரிசையில் டீ கிளாஸோடு நிற்கும் ஜூனியர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டு ஆர்ட்டன் சிர்வாவைப் பற்றி மூன்று விஷயம் பேச ஒப்புக்கொண்டேன்: கட்சி, பதவி, வழக்கு. அந்நாட்டின் முதல் கறுப்பின பாரிஸ்டர் அவர். 1959-இல், பின்னாளில் நாட்டை ஆண்ட விடுதலைத் தலைவர் ஹேஸ்டிங்ஸ் பாண்டா சிறையில் இருந்தபோது மலாவி காங்கிரஸ் கட்சியைத் தொடங்கித் தலைவரானார். மறு வருடம் பாண்டா வெளியே வந்ததும் நாற்காலியை அப்படியே கொடுத்துவிட்டார். வார்டு செயலாளர் பதவியைக்கூட இப்படி யாராவது கொடுப்பார்களா?

1964 ஜூலையில் சுதந்திரம். சிர்வா நீதித் துறை அமைச்சர். செப்டம்பரில் பாண்டா அவரை நீக்கினார். அப்புறம் தப்பிப் போய் தான்சானியாவில் வாசம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். 1981 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சிர்வா, மனைவி வேரா, மகன் மூவரும் மலாவி போலீஸ் கையில். ஜாம்பியாவில் இருந்த எங்களைக் கடத்தினார்கள் என்பது அவர்கள் வாதம். எல்லை தாண்டி வந்தார்கள் என்பது அரசின் வாதம். வேராவும் லேசுப்பட்டவரல்ல, அங்கே முதல் பெண் வக்கீல். தேசத் துரோக வழக்கு நடந்ததோ குலத் தலைவர்கள் நீதிபதிகளாக உட்காரும் 'பாரம்பரிய நீதிமன்றத்தில்'. அங்கே வக்கீல் ஆஜராக முடியாது! கூண்டில் நிற்பது இரண்டு வக்கீல்கள், அவர்களுக்காக எழுந்து நிற்க ஓர் ஆள் இல்லை. தாங்களே வாதாடினார்கள். வெளிநாட்டுச் சாட்சிகளை அழைக்க விடவில்லை. 1983-இல் இருவருக்கும் தூக்கு. அடுத்த வருடம் ஆயுளாகக் குறைந்தது. சோம்பா சிறையில் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். எட்டு வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. 1992 செப்டம்பரில் பிரிட்டிஷ் வழக்கறிஞர் குழு போன பிறகுதான் பார்க்க விட்டார்கள். அக்டோபர் 20, சிர்வா அந்தச் சிறையிலேயே இறந்தார். அடக்கத்துக்குப் போக வேராவுக்கு அனுமதி இல்லை.

பதவியைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை, தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி, என் பழைய பாட்டுக்கு வருகிறேன். நம் கிளைச் சிறையில் ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் கைதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மனு பார்க்க, அதாவது அவர்களைச் சந்திக்க, வருவது அம்மாவும் பொண்டாட்டியும்தான். மாதம் ஒரு சனிக்கிழமை நம்மில் ஒருவர் கூடப் போகக் கூடாதா? தலைவலியும் காய்ச்சலும் நமக்கு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

பெயர் எழுத வாசல் மேசையில் நோட்டு இருக்கிறது. பேனாவை எடுத்துப் போய்விடாதீர்கள், போன கூட்டத்தில் இரண்டு போய்விட்டன.