வைஃபைக்கு ரெண்டு பூட்டு: நீங்க எதை மாத்தினீங்க?

[திரையில்: கவிழ்த்து வைத்த ரூட்டர், அடியில் ஒட்டிய ஸ்டிக்கர்]

ரூட்டரைத் திருப்பிப் பாருங்க. பெரும்பாலும் அடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல ரெண்டு பாஸ்வேர்டு. ஒண்ணு வைஃபை பாஸ்வேர்டு, போன்ல போடுறது. இன்னொண்ணு ரூட்டர் செட்டிங்ஸுக்குள்ள போறதுக்கான அட்மின் பாஸ்வேர்டு. பலரும் முதலாவதை மட்டும் மாத்திட்டு வேலை முடிஞ்சதுன்னு விட்டுடுறாங்க. வாசலுக்குப் புதுப் பூட்டு போட்டுட்டு, பீரோ சாவியை பீரோ மேலயே வைக்கிற மாதிரி.

2016ல மிராய்ங்கிற மால்வேர் (கெடுதல் செய்யுற சாஃப்ட்வேர்) லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடிச்சது. பெரிய வித்தை எல்லாம் இல்லை. கம்பெனியிலேயே வச்சு அனுப்பின யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் 60 சொச்சத்தை வரிசையா போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான்.

[திரையில்: பிரவுசர், முகவரிப் பட்டையில் 192.168.1.1]

முடிஞ்சா லேன் கேபிள் மாட்டி உட்காருங்க. வைஃபைல இருந்தபடி வைஃபை பேரை மாத்தினா, சேவ் கொடுத்ததும் இணைப்பு அறுந்துடும். பிரவுசர்ல 192.168.1.1 இல்லைன்னா 192.168.0.1 போடுங்க. ரெண்டும் திறக்கலையா? ஐபோன்ல வைஃபை பேருக்குப் பக்கத்துல இருக்கிற ‘ஐ’ பட்டனைத் தொடுங்க, ‘ரூட்டர்’ங்கிற வரியில சரியான எண் இருக்கும். விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளை கொடுத்தா, டீஃபால்ட் கேட்வேங்கிற வரியில இருக்கும். உள்ள போனதும் முதல் வேலை, அட்மின் பாஸ்வேர்டை மாத்துறது.

அடுத்தது வயர்லெஸ் செக்யூரிட்டி, அதாவது வைஃபைல போற தகவலைப் பூட்டுற முறை. பட்டியல்ல புதுசான டபிள்யூபிஏ3 இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க. பழைய போன் சேரலைன்னா, டபிள்யூபிஏ2வும் 3ம் கலந்த மோடு. அதுவும் இல்லைன்னா டபிள்யூபிஏ2, கூடவே ஏஇஎஸ்ங்கிற குறியாக்க முறை. டிகேஐபிங்கிற பழைய குறியாக்க முறை வேண்டாம்: பாதுகாப்பும் குறைவு, வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. டபிள்யூஇபிங்கிற ரொம்பப் பழைய பூட்டு மட்டும்தான் இருக்குன்னா ரூட்டரையே மாத்துங்க, அது 2001லயே உடைஞ்சு போச்சு.

[திரையில்: பத்து இலக்க எண் ஒன்று, பக்கத்தில் ஓடும் கடிகாரம்]

இப்போ வைஃபை பாஸ்வேர்டு. டபிள்யூபிஏ2ல ஒரு சிக்கல் இருக்கு. உங்க போன் ரூட்டரோட சேரும்போது நடக்கிற பரிமாற்றத்தை வெளியில இருந்து ஒருத்தர் ஒரே ஒரு தடவை பதிவு செஞ்சா போதும். அப்புறம் அவர் வீட்டுல உட்கார்ந்து நிதானமா பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கலாம். ரூட்டருக்குத் தெரியவே தெரியாது, அதனால தடுக்கவும் முடியாது. போன் நம்பரையே பாஸ்வேர்டா வச்சிருக்கீங்களா? பத்து இலக்கத்துல மொத்தமே 1,000 கோடி எண்தான். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு 10 லட்சத்துக்கு மேல சோதிக்கும். மூணு மணி நேரம் தாங்காது.

ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத அஞ்சு சொல்லைக் கோர்த்து, ஆங்கில எழுத்துல அடிங்க. குடை, தவளை, ஏணி, சுண்ணாம்பு, மெழுகு, இப்படி. (இதையே எடுத்துப் போட்டுடாதீங்க.) 8ல இருந்து 63 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு. வைஃபை பேரையும் மாத்துங்க, ஆனா அதுல கதவு எண்ணோ குடும்பப் பேரோ வேண்டாம்.

[திரையில்: டபிள்யூபிஎஸ் பின், எட்டுக் கட்டங்கள் நான்கு நான்காகப் பிரிகின்றன]

இவ்வளவும் செஞ்சுட்டு டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்டு அடிக்காம, பட்டனோ பின் எண்ணோ வச்சு வைஃபைல சேர்க்கிற வசதி) ஆன்லயே விட்டா வீண். அதோட பின் எட்டு இலக்கம். பார்த்தா 10 கோடி வாய்ப்பு மாதிரி தெரியும். ஆனா ரூட்டர் முதல் நாலைத் தனியா சரிபார்க்கும்: 10,000 வாய்ப்பு. மிச்ச நாலுல கடைசி இலக்கம் மத்த ஏழுல இருந்து கணக்குப் போட்டு வர்றது, அதனால 1,000 வாய்ப்புதான். கூட்டினா வெறும் 11,000. இது 2011லயே அம்பலமாச்சு. ஆஃப் செஞ்சுடுங்க.

ரிமோட் மேனேஜ்மென்டையும் (வெளியில இருந்து இன்டர்நெட் வழியா ரூட்டர் செட்டிங்ஸைத் திறக்கிற வசதி) ஆஃப். ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட் இருந்தா போடுங்க, ஓடும்போது மின்சாரத்தை மட்டும் நிறுத்தாதீங்க, ரூட்டர் செத்துப் போகலாம். வைஃபை பேரை மறைக்கிறது, மேக் ஃபில்டர் (குறிப்பிட்ட அடையாள எண் இருக்கிற கருவிகளை மட்டும் விடுறது) போடுறது ரெண்டும் நேர விரயம். அந்தப் பேரும் அடையாள எண்ணும் காத்துல மறைக்காமலே போகுது.

கேமரா, ஸ்மார்ட் பல்ப் எல்லாம் கெஸ்ட் நெட்வொர்க்ல (அதே ரூட்டர்ல விருந்தாளிகளுக்கான தனி வைஃபை) போகட்டும். அதுல லோக்கல் நெட்வொர்க்கை அணுக அனுமதிக்கிற டிக்கை எடுத்துடுங்க. டிவியையும் அங்க தள்ளினா, போன்ல இருந்து காஸ்ட் செய்யும்போது டிவி கண்ணுக்கே தெரியாது. அது பழுது இல்லை, நீங்க போட்ட தடுப்பு.

[திரையில்: ஊசியால் அழுத்தப்படும் ரீசெட் துளை]

புது அட்மின் பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னா, ரீசெட் துளையைப் பத்து நொடி போல அழுத்திப் பிடிக்கணும். ஆனா மாத்தின எல்லாமே போய், ஸ்டிக்கர்ல இருக்கிற பழைய பாஸ்வேர்டுக்கே திரும்பிடும். உங்க இணைப்புக்கு பிபிபிஓஇ யூசர்நேம் (இன்டர்நெட் கம்பெனி கொடுத்த லாகின்) இருந்தா அதுவும் சேர்ந்து அழியும், அது இல்லாம இன்டர்நெட் வராது. அதனால செட்டிங்ஸுக்குள்ள இருக்கும்போதே அது இருக்கிற ‘வான்’ (இன்டர்நெட் இணைப்பு) பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.