ஒரு திரைச்சீலை சாட்சி சொல்லுமா? ஆள் கடத்தல் வழக்குகளின் தெரியாத பக்கம்

(திரையில்: ஓர் ஓட்டல் அறை. கட்டில், மேஜை விளக்கு, கோடு போட்ட திரைச்சீலை. நடுவில் மனித உருவத்தில் ஒரு வெள்ளை இடம்.)

இந்தப் படத்தை ஐந்து நொடி நன்றாகப் பாருங்கள். விளக்கத்துக்காக நாங்களே செய்த படம் இது. நடுவில் ஒருவர் இருந்தார், அவரை அழித்துவிட்டோம். மிச்சம் இருப்பது கட்டில், விளக்கு, திரைச்சீலை. இதை மட்டும் வைத்துக்கொண்டு இது எந்த ஊர், எந்த ஓட்டல் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. அது எனக்கு ரொம்பப் பிடித்த கருவி. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அது ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

வணக்கம். பாலியல் சுரண்டலுக்காக ஆட்களைக் கடத்தும் வழக்குகளில் போலீஸ், அரசு வழக்கறிஞர், மருத்துவர், குடியேற்றத் துறை, காப்பகம் எல்லாரும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதுதான் இன்றைய விஷயம். கொடுமைகளை விவரிக்கப் போவதில்லை, அதனால் தைரியமாகப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஆண்களும் சிறுவர்களும் உண்டு. பேச்சு வசதிக்காக 'அந்தப் பெண்' என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

பின்னணி வேகமாக. 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஓர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. பலெர்மோ நெறிமுறை என்பார்கள். 2003 டிசம்பர் 25 முதல் அமலில் இருக்கிறது. ஆள் கடத்தல் என்றால் என்ன என்று உலகம் ஒரே வரையறைக்கு வந்தது அதில்தான். மிரட்டியோ ஏமாற்றியோ கொண்டுவந்திருந்தால், அந்தப் பெண் 'சம்மதித்தார்' என்ற பேச்சுக்கே இடமில்லை. 18 வயதுக்குக் கீழே என்றால் மிரட்டியதைக்கூட நிரூபிக்கத் தேவையில்லை. சரி, பின்னணி முடிந்தது.

இப்போது ஒரு பெண் மீட்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணி. முதலில் போலீஸ் கேட்கிறது: பெயர் என்ன, எங்கிருந்து வந்தீர்கள், யார் கூட்டி வந்தது? கடத்தியவன் சொல்லிக்கொடுத்த பொய்ப் பெயரைத்தான் அவர் சொல்கிறார். 'போலீஸிடம் வாயைத் திறந்தால் உன்னைத்தான் பிடித்து உள்ளே போடுவார்கள்' என்று மாதக்கணக்கில் அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். காலையில் மருத்துவர் கேட்கிறார். மதியம் காப்பகத்தில் ஒரு படிவம். வெளிநாட்டவர் என்றால் குடியேற்ற அதிகாரி. இரண்டு வாரம் கழித்து அரசு வழக்கறிஞர். ஐந்து பேர், ஐந்து தடவை, ஐந்து காகிதம்.

அந்தக் காகிதங்கள் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கைக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'போலீஸிடம் மார்ச் என்றீர்கள். மருத்துவரிடம் மே என்றீர்கள். எது பொய்?' குறுக்கு விசாரணைக்கு இதைவிட வசதியான கேள்வி கிடைக்காது. ஆனால் இரண்டுமே பொய் இல்லை. உயிர்ப் பயத்தில் பதிந்த நினைவு தேதி வாரியாகத் திரும்பி வராது. அறையில் அடித்த நாற்றம் நினைவிருக்கும், வராந்தாவில் வந்த செருப்புச் சத்தம் நினைவிருக்கும், எந்த மாதம் என்பது நினைவிருக்காது. கொஞ்சம் தூங்கி, சாப்பிட்டு, பயம் தெளிந்த பிறகு இன்னும் நாலு விஷயம் நினைவுக்கு வரும். அதையும் 'இது ஏன் முதலிலேயே சொல்லவில்லை' என்று கேட்பார்கள்.

துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததற்கான விலையை, சாட்சிக் கூண்டில் நின்று அந்தப் பெண் கட்டுகிறார். இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. இந்த வீடியோவே அந்தக் கோபத்தில்தான் ஆரம்பமானது.

இதற்கு இரண்டு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்று, கேட்கும் தடவைகளைக் குறைப்பது. அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் என்ற ஊரில் 1985இல், குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளுக்காக ஓர் அரசு வழக்கறிஞர் இதை ஆரம்பித்தார். ஐஸ்லாந்தில் 1998இல் 'பார்னாஹூஸ்' வந்தது, குழந்தைகள் இல்லம் என்று பொருள். குழந்தை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதில்லை, வீடு மாதிரியான ஓர் இடத்துக்கு வருகிறது. பயிற்சி பெற்ற ஒரே ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார். போலீஸ், வழக்கறிஞர், குழந்தைகள் நலத் துறை எல்லாரும் பக்கத்து அறையில் திரையில் பார்க்கிறார்கள். பேச்சு பதிவாகிறது. மருத்துவரும் அதே கட்டிடத்தில்.

இரண்டாவது வழி, அவர் வாயை மட்டுமே நம்பியிருக்காமல் வெளியே சாட்சியம் தேடுவது. நம் திரைச்சீலைக்கு வந்துவிட்டோம்.

(திரையில்: மீண்டும் அதே ஓட்டல் அறை.)

அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் மாநாடுகளுக்கு ஓட்டல் ஏற்பாடு செய்து தரும் ஒரு நிறுவனத்தின் பெண்கள், ஆள் கடத்தலுக்கு எதிராக எக்ஸ்சேஞ்ச் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஓட்டல் அறைகளைப் பார்ப்பதுதான் அவர்களுக்கு அன்றாட வேலை. கடத்தல்காரர்கள் இணையத்தில் போடும் விளம்பரப் படங்களில் பெரும்பாலும் பின்னால் இருப்பது ஓட்டல் அறை. அந்த அறையை அடையாளம் காண முடிந்தால்? அந்த ஊர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கணினி ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்தார்கள். 2016இல் 'டிராஃபிக்கேம்' என்ற ஆப் வந்தது.

ஓட்டலில் தங்கும் யாராக இருந்தாலும் தங்கள் அறையை நாலு படம் எடுத்து ஏற்றலாம். அவ்வளவுதான் வேலை. 'ஓட்டல் வெப்சைட்டிலேயே படங்கள் இருக்கின்றனவே' என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். வெப்சைட்டில் இருப்பது நல்ல வெளிச்சத்தில், நல்ல கேமராவில், கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் எடுத்த படம். கடத்தல்காரன் எடுப்பது மங்கல் வெளிச்சத்தில், கோணலாக, போனில். அதோடு ஒப்பிட, பையைக் கட்டிலில் போட்டுவிட்டு சாதாரணப் பயணி எடுக்கும் படம்தான் பொருத்தம். 2019இல் அந்த ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட படத் தொகுப்பில் 50,000 ஓட்டல்களின் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன.

இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. தேடுவதற்கு முன்னால் படத்தில் இருக்கும் அந்தப் பெண்ணை மறைத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரைப் பழக்கும்போதே, நடுவில் மனித உருவத்தில் வெட்டி எடுத்த படங்களைக் கொடுத்துத்தான் பழக்கினார்கள். கம்ப்யூட்டர் பார்ப்பது தலைமாட்டுப் பலகையின் வளைவை, திரைச்சீலையின் கோட்டை, விளக்கின் அடிப்பகுதியை. அவருடைய முகமும் உடம்பும் அதற்குத் தேவையே இல்லை. அவரை ஒரு பொருளாகக் காட்டுவதற்காக எடுத்த படத்திலிருந்து அவரை வெளியே எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதை எடுத்தவனுக்கு எதிராகத் திருப்புகிறார்கள். எத்தனையோ தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன், இவ்வளவு மரியாதை தெரிந்த ஒன்றை நான் பார்த்ததில்லை.

அறை தெரிந்துவிட்டால் அப்புறம் ஓட்டமாக ஓட வேண்டும். ஓட்டல் பதிவேட்டில் யார் பெயர், எந்தக் கார்டில் பணம் கட்டினான், வராந்தா கேமராவில் யார் நடந்தது. இந்த கேமரா பதிவுகள் என்றென்றைக்கும் இருக்காது, பழையதன் மேலேயே புதியது பதிவாகிவிடும். அதனால் படத்தை அடையாளம் கண்ட துறை அன்றைக்கே விசாரணை அதிகாரியிடம் சொல்ல வேண்டும், அவர் அன்றைக்கே 'பதிவை அழிக்காதீர்கள்' என்று ஓட்டலுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். நடுவில் ஒரு கோப்பு பத்து நாள் ஒரு மேஜையில் தூங்கினால் அந்த வராந்தா காட்சி போனது போனதுதான்.

அடுத்தது பணம். டிமியா நாகி, ஹங்கேரியில் இருந்து 1998இல் கனடாவுக்குக் கடத்தப்பட்டவர். மீண்டு வந்து, இன்று இந்த விஷயத்தில் ஊர் ஊராகப் போய்ப் பேசுபவர். 2015இன் கடைசியில் ஒரு மாநாட்டில் வங்கி அதிகாரிகள் முன்னால் பேசினார். கடத்தல்காரர்களின் பணம் உங்கள் வழியாகத்தான் போகிறது, நீங்கள் ஏதாவது செய்யலாமே என்ற அவருடைய கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர் பாங்க் ஆஃப் மாண்ட்ரியலின் பீட்டர் வாரக். அடுத்த ஆண்டே 'புராஜெக்ட் புரொடெக்ட்' ஆரம்பமானது: வங்கிகள், போலீஸ், சந்தேகத்துக்குரிய பணப் பரிமாற்றங்களை ஆராயும் அரசு நிறுவனமான ஃபின்ட்ராக், எல்லாரும் ஒரே மேஜையில்.

என்ன தேடுகிறார்கள்? சொந்த ஊரிலேயே அடிக்கடி ஓட்டல் அறைக்குப் பணம் கட்டுவது. நடுராத்திரியில் திரும்பத் திரும்ப வந்து விழும் சின்னச் சின்னத் தொகைகள். இணைய விளம்பரத்துக்கான கட்டணம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, நீங்களும் நானும்கூடச் செய்திருப்போம். எல்லாம் ஒரே கணக்கில், வாரா வாரம், ஒரே வரிசையில் வந்தால்தான் சந்தேகம். வங்கிக்கு வரிசை தெரியும், அதன் அர்த்தம் தெரியாது. போலீஸுக்கு அர்த்தம் தெரியும், வரிசை தெரியாது. அர்த்தத்தைச் சொல்லிக்கொடுக்க முடிந்தது, அந்த வாழ்க்கையை வாழ்ந்து மீண்ட பெண்களால். அவர்களை 'உதவி பெறுபவர்' என்று மட்டும் பார்த்திருந்தால் இது நடந்திருக்குமா?

இந்தக் கணக்கு விவரத்துக்கு இன்னொரு பயன் உண்டு. அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டு சட்டத்தின்படி, தண்டனை பெற்றவன் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு? அவருடைய மற்ற இழப்புகளோடு சேர்த்து, அவரை வைத்து அவன் சம்பாதித்த மொத்தப் பணம், அல்லது அவர் உழைப்புக்குச் சட்டப்படி வர வேண்டிய கூலி, இதில் எது பெரியதோ அது. குற்றத்தை நிரூபித்த அதே காகிதம் அவர் கைக்குப் பணமாகத் திரும்பி வரலாம்.

சரி, இப்போது ஆதரவு. வழக்கு ஒரு பக்கம், உதவி இன்னொரு பக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஓர் எளிய உதாரணம்: உடையும் போனும். மருத்துவப் பரிசோதனையின்போது அவர் போட்டிருந்த உடையைத் தடயமாக எடுத்துக்கொள்கிறார்கள். போனையும் எடுத்துக்கொள்கிறார்கள், அதில்தான் கடத்தல்காரனின் செய்திகள் இருக்கின்றன. இரண்டுமே வழக்குக்குத் தேவை. ஆனால் அந்த போனில்தான் அவருடைய அம்மாவின் நம்பர் இருக்கிறது. மாற்று உடையும் வேறொரு போனும் கையோடு கொண்டுவர ஓர் ஆள் அங்கே இருந்தால் அவர் அதிகாரிகளை நம்ப ஆரம்பிப்பார். இல்லையென்றால், 'போலீஸ் உன்னிடம் இருப்பதையும் பிடுங்கிக்கொள்ளும்' என்று அவன் சொன்னது உண்மையாகிவிடும். விசாரணைக் குழுவிலேயே பாதிக்கப்பட்டோருக்கான நிபுணர் ஒருவர் வேண்டும் என்பது இதற்காகத்தான். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யில் அப்படி ஒரு பதவியே இருக்கிறது.

ஐரோப்பிய கவுன்சில் 2005இல் கொண்டுவந்த உடன்படிக்கை ஒருபடி மேலே போகிறது. சட்டப்பூர்வமாகத் தங்க அனுமதி இல்லாதவராகவே இருந்தாலும் குறைந்தது 30 நாள் அவரை நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. தேறி எழவும், விசாரணைக்கு ஒத்துழைப்பதா என்று யோசிக்கவும் அந்த அவகாசம். சாட்சி சொன்னால்தான் உதவி என்று நிபந்தனை போடக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஒத்துழைக்கச் சொல்லி நெருக்கினால் சீக்கிரம் வாக்குமூலம் கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்கு இது பிடிக்காது. கிடைக்கும், ஆனால் 'வீடு கிடைக்கும் என்பதற்காகத்தானே சொன்னாய்' என்று எதிர்த்தரப்பு கேட்டால் அந்த வாக்குமூலத்தின் கதி என்ன? நிபந்தனை இல்லாத உதவிதான் சாட்சியத்தையும் காப்பாற்றுகிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சேர்ந்து வேலை செய்வது என்றால் எல்லாத் தகவலையும் எல்லாருக்கும் கொடுப்பது இல்லை. மனநல ஆலோசகரிடம் அழுதுகொண்டே சொன்னது போலீஸ் கோப்பில் போய் உட்காரக் கூடாது. யாரிடம் சொன்னால் அது யார் வரைக்கும் போகும் என்பதை, அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே அவருக்குப் புரியும் மொழியில் சொல்லிவிட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கடத்தல்காரனின் ஊர்க்காரரோ சொந்தக்காரரோ இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலெர்மோ நெறிமுறையில் எனக்கு ஒரு மனத்தாங்கல். கடத்தலைக் குற்றமாக்கும் பிரிவு, நாடுகள் 'செய்ய வேண்டும்' என்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு வீடு, மருத்துவம், ஆலோசனை தரும் பிரிவு 'பரிசீலிக்க வேண்டும்' என்கிறது. அந்த ஒரு சொல் வித்தியாசம்தான், மீட்கும் நாளில் பத்து வண்டிகள் வந்து நிற்பதற்கும் அடுத்த மாதம் அவருக்குத் தங்க இடம் இல்லாமல் போவதற்கும் நடுவில் இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மீட்பு நடவடிக்கை என்று முகம் தெரியும் வீடியோ ஏதாவது உங்களுக்கு வந்தால் தயவுசெய்து அனுப்பாதீர்கள். ஆராய்ச்சியாளர்கள் அவ்வளவு கவனமாக மறைத்த முகம் அது.

கடைசியாக, தீர்ப்புக்கு அப்புறம். பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது, குழு அடுத்த வழக்குக்குப் போய்விட்டது. அந்தப் பெண் வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கிறார். சில வருடம் கழித்து அவன் சிறையிலிருந்து வெளியே வரும் தேதி குறிக்கப்படுகிறது. சிறைத் துறைக்கு அந்தத் தேதி தெரியும், அவருடைய நம்பர் தெரியாது. காப்பகத்துக்கு நம்பர் தெரியும், தேதி தெரியாது. அதற்கென்று பொறுப்பான ஓர் ஆள் இருக்கும் இடத்தில் அவருக்கு முன்கூட்டியே போன் வருகிறது. இல்லாத இடத்தில், ஒருநாள் தெருவில் எதிரே அவனைப் பார்க்கும்போதுதான் அவருக்குத் தெரியவருகிறது.